மூட்டைத் தேடு

குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு, எனக்குக் கறித்தொழில் கற்றுக்கொடுத்த உஸ்தாத் என்னை முதன்முதலில் கூட்டிப்போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு வெள்ளாட்டைக் காட்டி, "வாயைத் திறந்து பல்லைப் பாரு தம்பி" என்றார். கீழ்த்தாடையில் எட்டு முன்பற்கள். நடுவில் இரண்டு மட்டும் அகலமாக முளைத்திருந்தால் ஆட்டுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. பல்லைப் பார்த்து முடித்ததும் அந்த ஆடு என் விரலை நக்கியது. மறுநாள் விடியற்காலை ஓசூர்க் கடையில் அதைத்தான் முதலில் உரித்தோம். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் ஏழு மாதம் கறி சாப்பிடவில்லை.

உஸ்தாத் திட்டவில்லை. ஒரு பின்னந்தொடையைக் கையில் கொடுத்து, "எலும்பை வெட்டாதே, மூட்டைத் தேடு" என்றார், அவ்வளவுதான். மூட்டின் வெள்ளை ஜவ்வில் கத்தி நுனி இறங்குகிற இடம் ஒன்று இருக்கிறது. அது அகப்பட்டுவிட்டால் பலமே வேண்டாம். கால் தானாகக் கழன்று வரும். அகப்படாதவன் கொத்துவான். எலும்பு சில்லுசில்லாகத் தெறித்துக் கறியில் ஏறி, சாப்பிடுகிற குழந்தையின் ஈறில் குத்தும். அந்த இடம் என் விரலுக்குப் பிடிபட மூன்று மாதம் ஆனது.

பிடிபட்ட பிறகுதான் கறி எனக்குப் பாகம் பாகமாகத் தெரிய ஆரம்பித்தது. கழுத்து, நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து மேய்ந்த தசை. ஜவ்வு அதிகம். சிறுதீயில் நேரமெடுத்து வேகவேண்டும். அந்த ஜவ்வு கரைந்தால்தான் குழம்பு கெட்டிப்படும். முதுகெலும்பை ஒட்டிய கறிக்கு அவ்வளவு உழைப்பில்லை, சீக்கிரம் வெந்துவிடும். தொடையில் கொழுப்பு குறைவு. கொத்துக்கறிக்கும் கோலாவுக்கும் அதுதான். எந்தப் பாகமானாலும் நாருக்குக் குறுக்கே வெட்டினால் மெல்ல எளிது. ஆடு எப்படி நடந்தது, எப்படி மேய்ந்தது என்பதெல்லாம் வெட்டுகிறவன் கைக்குத் தெரிகிறது. தெரிந்த பிறகு ஒரு துண்டைக்கூட வீணாக்க மனசு வராது.

எங்கள் எல்லை ஊரில் தமிழர் கேட்கிற தலைக்கறி தெலுங்குக்காரருக்குத் தலகாய, கன்னடக்காரருக்குத் தலெ மாம்ஸ. குடலைப் 'போட்டி' என்று கேட்டால் மூவருக்கும் புரியும். யுகாதிக்கு மறுநாள் ஹொசதொடகு, கன்னடக்காரர் கறி விருந்து வைக்கிற நாள். அன்று இருட்டிலேயே வரிசை நிற்கும்.

தொழிலில் பழகினால் மனசு மரத்துப்போகும், அதுதான் நல்லது என்பார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆட்டின் பயத்தைக் கவனிக்காதவனுக்குக் கறியும் கெடும். வண்டியில் நசுங்கி, பட்டினியாய், பயந்து வந்த ஆட்டின் தசையில் சர்க்கரைச் சத்து தீர்ந்துபோயிருக்கும். அறுத்தபின் அந்தச் சத்துதான் அமிலமாக மாறிக் கறியைப் பக்குவப்படுத்துகிறது. அது இல்லாத கறி கருத்து, கையில் ஒட்டும், சீக்கிரம் கெடும். ஆட்டின் பயம் வெட்டுக்கட்டைக்கு வந்துசேர்கிறது. மத்திய அரசின் 2001 விலங்கு வதைத் தடுப்பு விதிகள், இறைச்சிக்கூடத்தில் ஓர் உயிரின் கண்முன் இன்னொன்றை அறுக்கக்கூடாது என்கின்றன. சினையானதையும் மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டி உள்ளதையும் அறுக்கக்கூடாது என்கின்றன. உஸ்தாத் அந்த விதிகளைப் படித்தவர் அல்ல. ஆடு பார்க்கக் கத்தி தீட்டக்கூட மாட்டார். அது அவருடைய மார்க்கம் சொல்லிக்கொடுத்தது. மரத்துப்போன கை அவருடையது அல்ல.

ஏழு மாதத்துக்குப் பிறகு, நானே வெட்டிய கழுத்துக்கறியில் வைத்த குழம்பைச் சாப்பிட்டேன். தொண்டை கொஞ்சம் அடைத்தது. இன்றும் அடைக்கும். திருவள்ளுவர் தினத்திலும் வள்ளலார் நினைவு நாளிலும் அரசு கறிக்கடைகளை மூடச் சொல்கிறது. வியாபாரம் போகிறதே என்ற வருத்தம் எனக்கில்லை. அவ்விருவரும் புலால் வேண்டாம் என்றது எனக்கும் உறைக்கிறது. அன்று புளியங்கட்டையைச் சுரண்டி, உப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் வைப்பேன்.

இப்போது சிப்காட் கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். "எலும்பு வேண்டாம்ணா, கொழுப்பு வேண்டாம்ணா, ஒரே சைஸா போடுங்க" என்பார்கள். ஆட்டின் அடையாளமே தெரியாத கறி கேட்கிறார்கள். அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதைக் கண்ணை மூடித் தீர்த்துக்கொள்ளாதீர்கள். கடைக்கு வரும்போது குழம்புக்கா வறுவலுக்கா என்று சொல்லுங்கள். இது எந்தப் பாகம், ஆடு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கேட்டபிறகு வேண்டாம் என்று தோன்றினால், வாங்காமல் திரும்பிப் போங்கள். எந்தக் கறிக்கடைக்காரரும் அதற்காகக் கோபப்படக்கூடாது.