கலங்கிய கடலின் கரையில்

தஞ்சை மராட்டியர் வசமிருந்த காரைக்கால் 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. மத்தியதரைக் கடலில் இருக்கும் கோர்சிகா தீவை ஜெனோவா பிரான்சிடம் ஒப்படைத்தது 1768-ல்தான். நடுவில் ஆங்கிலேயர் நம் ஊரைப் பிடித்துக்கொண்டதும் திருப்பிக் கொடுத்ததுமாக இருந்தார்கள். இருந்தாலும் பிரான்சிடம் முதலில் ஒப்படைக்கப்பட்டது நெப்போலியன் பிறந்த தீவு இல்லை, அரசலாறு கடலில் விழும் காரைக்கால். பாரிஸ் பக்கம் குடியிருக்கும் அக்கா குடும்பம் கோடை விடுமுறையில் கோர்சிகாவுக்குப் போய்விட்டு அப்படியே ஆகஸ்டில் ஊருக்கு வந்தபோது, அக்கா பிள்ளைகளிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். பையனுக்குப் பிடித்துப்போயிற்று. அவனைவிட மூத்தவளான பெண், "சரி மாமா, இங்க நாங்க என்ன செய்யறது?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி. கோர்சிகாவில் அவர்கள் முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு பாறை இடுக்குகளில் மீன் பார்த்திருக்கிறார்கள். துடுப்புப் போட்டுச் சின்னப் படகில் குகைவரை போயிருக்கிறார்கள். அந்தத் தீவின் மலைகளைக் குறுக்காகக் கடக்கும் ஜி.ஆர். 20 நடைபாதை ஏறத்தாழ 180 கிலோமீட்டர். அதில் ஒரு துண்டை அப்பாவோடு நடந்தும் முடித்திருந்தார்கள். முகமூடிகள் பெட்டியில் வைத்து இங்கேயும் வந்துவிட்டன.

மறுநாள் விடியலில் கடற்கரைக்குப் போனோம். தண்ணீரைப் பார்த்ததும் பையனின் முகம் விழுந்துவிட்டது. "ஏன் மாமா இவ்வளவு அழுக்கா இருக்கு?"

அது அழுக்கு இல்லை, வண்டல். மத்தியதரைக் கடல் கண்ணாடியாகத் தெரிவதற்குக் காரணம், அதில் ஊட்டச்சத்து குறைவாக இருப்பது. மிதக்கும் நுண்பாசி அதிகம் இல்லாததால் வெயில் அடிவரை இறங்குகிறது. நம் பக்கம் அப்படி இல்லை. அரசலாறு, திருமலைராயனாறு, நண்டலாறு என்று காவிரியின் கிளைகள் கடைமடை வயல்களைக் கடந்து மண்ணையும் சத்தையும் கடலில் கொண்டுவந்து சேர்க்கின்றன. அந்தக் கலங்கலில்தான் இறாலும் நண்டும் மத்தியும் பெருகுகின்றன. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி என்று அடுத்தடுத்து மீனவர் ஊர்கள் இருப்பதும் அதனால்தான். முகமூடி போட்டு இங்கே ஒன்றும் பார்க்க முடியாது. இந்தக் கடலை வலை வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

முகத்துவாரத்தில் ஒருவர் வீச்சுவலையோடு நின்றிருந்தார். பிள்ளைகள் தண்ணீரை நோக்கி நகர்ந்ததும் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். "அண்ணே, பிள்ளைங்கள அங்க இறக்காதீங்க. மேல சும்மா கெடக்கும், அடியில இழுக்கும்." ஆற்று நீரும் அலையும் மோதும் இடத்தில் மணல் திட்டு இன்று இருந்த இடத்தில் நாளை இருக்காது. கரையும் சட்டென்று ஆழமாகிவிடும். வெளியூர்ப் பிள்ளைகள் இந்த வங்கக் கடலோரத்தில் குளிக்க இறங்கி உயிர் விடுவது ஒவ்வொரு வருடமும் செய்தியாக வருகிறது. 2004 சுனாமியில் காரைக்கால் கரையில் நூற்றுக்கணக்கானோர் போய்விட்டார்கள். டிசம்பர் 26 வந்தால் இன்றும் மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. இந்தக் கடலை நீச்சல்குளம்போல விளம்பரம் செய்வது பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

அவர் வலை வீசியதைப் பையன் கண் இமைக்காமல் பார்த்தான். கயிற்று நுனியை இடது மணிக்கட்டில் சுருக்குப் போட்டு, வலையை மடித்துப் பிடித்து, ஒரு பகுதியை முழங்கை மேல் தொங்கவிட்டு, ஓர் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டார். அப்புறம் வெகுநேரம் அசையவே இல்லை. தண்ணீரில் மடவைக் கூட்டம் நெளிகிறதா என்று பார்த்தபடி நின்றார். திடீரென்று உடம்பு திரும்பியது. வலை காற்றில் வட்டமாக விரிந்து விழுந்தது. ஓரத்து ஈயமணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொட்டன. இழுத்தபோது நாலைந்து மடவையும் ஒரு சின்ன நண்டும் வந்தன. பையன் கேட்டதும் வலையைக் கொடுத்தார். அவன் வீசியது சுருண்டு காலடியிலேயே விழுந்தது. "கையால வீசாத தம்பி, இடுப்பால வீசு" என்றார். வெயில் ஏறும்வரை அவனை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. கடைசியில் கோணலாக ஒரு வட்டம் விழுந்தது. அக்கா பணம் கொடுக்கப் போனாள். அவர் வாங்கவில்லை, மடவையை மட்டும் விலைக்குக் கொடுத்தார்.

நீர் விளையாட்டு வேண்டும், மோட்டார் படகு வேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்த மீனவர்களிடமிருந்து தொடங்கினால் என்ன? வலை வீசக் கற்றுக்கொடுக்கவும் ஆற்றில் படகில் கூட்டிப்போகவும் கரையில் காவல் நிற்கவும் இவர்களைவிடத் தெரிந்தவர் யார்? அதற்கு முறையான கூலியும் கிடைக்க வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை இருக்கிறது. அந்த 61 நாளில் வருமானம் இல்லாத வீடுகளுக்கு இது பெரிய துணையாக இருக்கும்.

மற்ற நாட்கள் வேகமாகப் போயின. அரசலாற்றில் படகு சவாரி. கும்பகோணம் வழியாக வரும் இதே ஆற்றங்கரையில்தான் வந்தியத்தேவனும் குந்தவையும் சந்திப்பதாகக் கல்கி எழுதினார் என்றேன். அக்காவுக்கு மட்டும் அது உறைத்தது. ஒரு காலையில் வாடகை சைக்கிளில் நண்டலாற்றைத் தாண்டித் தரங்கம்பாடிக்குப் போனோம். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையின் முன்னால் வியர்வை வழிய உட்கார்ந்து நுங்கு சாப்பிட்டோம். திரும்பும் வழியில், கேட்பாரின்றிக் கிடந்த கருவேலங்காட்டு நிழலில் பெண் சைக்கிளை நிறுத்திவிட்டு, கோர்சிகாவைவிட இங்கேதான் அதிகமாகக் களைத்துப்போனதாகச் சொன்னாள். அன்று மாலை இறால் வைத்த வாடா என்ற பலகாரத்தில் அவள் தட்டு எத்தனை முறை காலியானது என்று நான் எண்ணவில்லை.

ஆனால் இந்தக் கரையின் பெரிய நாள் ஆகஸ்டில் வருவதில்லை. மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். மீனவர் குலத்துப் பெண்ணை மணந்தவர் என்பதால் பட்டினச்சேரி மக்களுக்கு அவர் மாப்பிள்ளை. ஊரே மாமனார் வீடாகி, தோள்கொடுத்துச் சுமந்து வரவேற்கும். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுவதும் மாசியை ஒட்டிய மாதங்களில்தான். இரவில் விளக்கை அணைத்துவிட்டு மணலில் நடந்தால் ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு.

இதைச் சொன்னதும் பெண் செல்போனை எடுத்து நாள்காட்டியைப் புரட்டினாள். பிரான்சில் பிப்ரவரி வாக்கில் பள்ளிகளுக்கு இரண்டு வாரம் விடுமுறை விடுகிறார்கள். எல்லா வருடமும் மாசி மகம் அதற்குள் விழாது. எந்த வருடம் விழும் என்று அவள் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறாள். அக்கா அதற்குள் பயணச்சீட்டு விலையை விசாரிக்கத் தொடங்கிவிட்டாள்.