மரணக் கடற்கரையில் ஆறு நாள்

ஸ்பெயின் என்றதும் நம்மில் பலருக்கும் பார்சிலோனா காற்பந்துக் குழுவும், காளைச் சண்டையும், கொளுத்தும் வெயிலும்தான் நினைவுக்கு வரும். நாட்டின் வடமேற்கு மூலையில் இருக்கும் கலீசியா வேறு மாதிரியான ஊர். மழை அதிகம். மலையெல்லாம் பச்சை. வீடுகள் கருங்கல்லில் கட்டியவை. மக்கள் ஸ்பானிய மொழியோடு, போர்த்துகீசிய மொழிக்கு நெருக்கமான கலீசிய மொழியையும் பேசுகிறார்கள். கடல் உள்ளே புகுந்து நிரப்பிய பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் கரையெங்கும் விரல்களைப் போல நீண்டிருக்கின்றன. அவற்றுக்கு ‘ரியா’ என்று பெயர்.

இந்தக் கரையைச் சாலை வழியாகப் பார்ப்பவர்கள் உண்டு. சந்தியாகோ யாத்திரைப் பாதையில் நடந்து பார்ப்பவர்களும் உண்டு. நானும் என் கணவரும் கோடைக் காலத்தில் எங்களுடைய பத்து மீட்டர் பாய்மரப் படகில் இங்கே சுற்றுவது வழக்கம். சென்ற ஜூலையில் மலேசியாவிலிருந்து என் கணவரின் பல்கலைக்கழக நண்பரும் அவர் மனைவியும் எங்களோடு வந்து சேர்ந்தார்கள். நண்பர் பொறியியலாளர். அவர் மனைவி மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தாதி. அவர்களிடம் இருந்தது ஆறே நாள். ஏழாம் நாள் காலை சந்தியாகோவில் விமானம் ஏறியாக வேண்டும்.

எங்கள் திட்டம் இதுதான்: அ கொருன்யா நகரில் புறப்பட்டு, ஃபினிஸ்தேர்ரே முனையைச் சுற்றித் தெற்கே இறங்கி, வீகோ நகரில் முடிப்பது. ஃபினிஸ்தேர்ரே என்றால் ‘நிலத்தின் முடிவு’. லத்தீனிலிருந்து வந்த பெயர். “அந்த முனையைக் கடல் வழியா சுத்தி வரணும் மச்சான், அதுக்குத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்” என்று நண்பர் முதல் நாள் இரவே சொல்லிவிட்டார்.

ரோமானியர் விட்டுச் சென்ற விளக்கு

அ கொருன்யாவை விட்டு வெளியேறும்போது இடது பக்கம் ஹெர்குலிஸ் கோபுரம் தெரியும். ரோமானியர் கட்டிய இந்தக் கலங்கரை விளக்கம் 55 மீட்டர் உயரம். வெளிச்சுவர் 18ஆம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்டது என்றாலும், உள்ளே இருப்பது ஏறத்தாழ 1,900 ஆண்டு பழைய கட்டடம். இன்றும் இரவில் எரிகிறது. 2009இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். இரண்டு மணி நேரத்தில் அட்லாண்டிக்கின் நீண்ட அலைகள் ஆரம்பித்தன. நண்பரின் மனைவிக்குத் தலை சுற்றியது. படகின் உள்ளே போகாமல் வெளியிலேயே உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கச் சொன்னோம். இஞ்சி மிட்டாய் கொடுத்தோம். மதியத்துக்குள் தேறிவிட்டார். அதற்குள் படம் எடுத்துக்கொண்டிருந்த நண்பர் சுருண்டு படுத்துவிட்டார்!

நாங்கள் போய்க்கொண்டிருந்த கரைக்கு ‘கோஸ்தா த மோர்தே’ என்று பெயர். மரணக் கடற்கரை. நீருக்கு மேலும் கீழும் பாறைகள். மேற்கிலிருந்து வரும் குளிர்காலப் புயல்கள் நேராக இங்கேதான் மோதும். ஐரோப்பாவின் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் கப்பல் பாதையும் இந்த முனையை ஒட்டித்தான் செல்கிறது. இந்தப் பெயர் வருவதற்கு இவை போதும். மாலை நான்கு மணியளவில் கமரீஞாஸ் என்ற சிறிய மீன்பிடித் துறைக்குள் நுழைந்து நங்கூரம் போட்டோம்.

பாறையா, ஓர்காவா?

அன்று இரவு படகில் சோறும் ரசமும் கருவாட்டுச் சம்பலும். சாப்பிட்டபடியே மறுநாள் பயணத்தைப் பற்றிப் பேசினோம். இரண்டு பிரச்சினைகள் இருந்தன.

முதலாவது மூடுபனி. கோடையில் இங்கே வடக்குக் காற்று வீசும். அது கடலின் மேல்நீரைக் கரையிலிருந்து வெளியே தள்ளும். அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். இந்த நீரில் சத்து அதிகம் என்பதால்தான் கலீசியாவில் மீனும் சிப்பியும் இவ்வளவு செழிப்பு. ஆனால் ஈரமான வெப்பக் காற்று அந்தக் குளிர்ந்த நீரின் மேல் வந்தால் பனி மூடிவிடும். வானிலை அறிக்கை மறுநாளுக்கு அதைத்தான் சொன்னது.

இரண்டாவது ஓர்கா. கருப்பு வெள்ளை நிறத்தில் இருக்கும் இந்தத் திமிங்கிலங்கள் 2020 முதல் ஸ்பெயின், போர்த்துகல் கரைகளில் பாய்மரப் படகுகளின் சுக்கானை இடித்து உடைக்கின்றன. ஏன் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பலர் அதை விளையாட்டு என்கிறார்கள். மனிதர்களைத் தாக்குவதில்லை. ஆனால் சில படகுகள் மூழ்கியிருக்கின்றன. 2020 செப்டம்பரில் கலீசியாவின் வடகரையில் சிறிய பாய்மரப் படகுகள் செல்ல அரசே தற்காலிகத் தடை போட்டது. இந்தக் கூட்டத்தில் மொத்தம் இருப்பவை ஐம்பதுக்கும் குறைவு. அழிவின் விளிம்பில் இருப்பவை. சூரை மீனைத் துரத்திக்கொண்டு ஜிப்ரால்டரிலிருந்து வடக்கே வருகின்றன. நாங்கள் போக வேண்டிய வழியில் முந்தைய நாள் ஒரு கூட்டத்தைப் பார்த்ததாகப் படகோட்டிகளிடையே தகவல் வந்திருந்தது.

ஓர்காவைத் தவிர்க்க வேண்டுமானால் கரையை ஒட்டி, ஆழம் குறைந்த நீரில் போக வேண்டும். ஆனால் பாறைகள் நிறைந்த கரை அது. மூடுபனியில் பாறையைத் தவிர்க்க வேண்டுமானால் கரையை விட்டுத் தள்ளிப் போக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்ய முடியாது.

“ரேடார் இருக்கு, ஜிபிஎஸ் இருக்கு. மெதுவா போனா என்னடா?” என்றார் நண்பர். ஒரு நாள் போனால் ஆறில் ஒரு பங்கு போய்விடும் என்பது அவர் கணக்கு. அதில் தவறும் இல்லை.

அவர் மனைவி தட்டை ஒதுக்கி வைத்தார். “அவசரம்னு மழையில மோட்டார் எடுத்தவங்களத்தாங்க நான் ராத்திரி டூட்டியில பார்க்கிறேன். நான் வரல. பஸ் இருந்தா பஸ்ல வந்து உங்களைப் பிடிச்சிக்கிறேன்.”

எங்கள் படகில் ஒரு விதி உண்டு. ஒருவர் வேண்டாம் என்றாலும் நங்கூரத்தை எடுப்பதில்லை. என் கணவர் அதைச் சொன்னார். நண்பர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் முன்பக்கம் உட்கார்ந்துகொண்டார். இருபது வருட நட்பு. பத்து மீட்டர் படகு. கோபித்துக்கொண்டு போக வேறு இடம் கிடையாது. கலீசியாவில் ஜூலையில் பொழுது சாய இரவு பத்து மணியாகும். அவ்வளவு நேரமும் அவர் அங்கேயே இருந்தார்.

தரையில் ஒரு நாள்

காலையில் எழுந்தபோது பக்கத்துப் படகுகூடத் தெரியவில்லை. சிறு துடுப்புப் படகில் கரைக்குப் போனோம். கமரீஞாஸ் லேஸ் பின்னலுக்குப் பெயர் பெற்றது. உருளைத் தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, பல மரக் குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிறார்கள். குச்சிகள் மோதும் சத்தம் சோழி உருட்டுவதைப் போல இருந்தது. நண்பரின் மனைவி தன் அம்மாவுக்கு ஒரு சிறிய விரிப்பு வாங்கினார்.

அங்கிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் நடந்தால் காபோ விலான் கலங்கரை விளக்கம். ஸ்பெயினில் மின்சாரத்தில் எரிந்த முதல் கலங்கரை விளக்கம் இது. 1896இல் இயங்கத் தொடங்கியது. அதைக் கட்ட அவசரம் வந்ததற்குக் காரணம், 1890 நவம்பர் 10ஆம் நாள் பிரிட்டிஷ் கடற்படையின் ‘சர்ப்பண்ட்’ கப்பல் அருகிலுள்ள பாறைகளில் மோதியதுதான். 170க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் மூன்றே பேர். இறந்தவர்களை ஊர் மக்கள் கடலோரத்திலேயே புதைத்தார்கள். ‘ஆங்கிலேயர் இடுகாடு’ என்று அதற்குப் பெயர்.

அங்கே போக நாங்கள் டாக்சி பிடித்தோம். கல் சுவர், உள்ளே சில சிலுவைகள், சுற்றிலும் புதர். அலைச் சத்தம் காதை அடைத்தது; கடல் மட்டும் பனியில் தெரியவே இல்லை. நண்பர் சுவர் ஓரமாக நின்று சத்தம் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இங்கேர்ந்து பாறை எவ்ளோ தூரம் இருக்கும்?” என்று கேட்டார். “கிட்டதான்” என்றார் என் கணவர். முந்தைய இரவைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை.

இந்தக் கரையின் மிகப் பெரிய துயரம் இன்னும் அண்மையில் நடந்தது. 2002 நவம்பர் 13 அன்று ‘பிரெஸ்டிஜ்’ என்ற எண்ணெய்க் கப்பல் புயலில் சேதமடைந்தது. அதைத் துறைமுகத்துக்குள் கொண்டுவருவதா, கடலுக்குள் தள்ளிவிடுவதா என்ற கேள்வி எழுந்தது. வெளியே இழுத்துச் செல்ல அரசு உத்தரவிட்டது. ஆறாம் நாள் கப்பல் இரண்டாகப் பிளந்து மூழ்கியது. 60,000 டன்னுக்கும் மேலான எண்ணெய் கடலில் கலந்தது. வெள்ளை உடை அணிந்த ஆயிரக்கணக்கான தொண்டூழியர்கள் கையாலும் வாளியாலும் கரையைச் சுத்தம் செய்தார்கள். ‘இனி ஒருபோதும் வேண்டாம்’ என்று பொருள்படும் ‘நுன்கா மாய்ஸ்’ என்ற முழக்கம் அப்போது பிறந்தது.

முனையைச் சுற்றி

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கும் கொஞ்சம் பனி இருந்தது. நண்பரின் மனைவி வெளியே வந்து பார்த்துவிட்டு, “கரை தெரியுதே அக்கா, போலாமா?” என்றார். “இன்னும் ஒரு மணி நேரம் பார்த்துட்டுப் போலாமே” என்றது யார் தெரியுமா? நண்பர்தான்!

ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளியது. முதலில் தூரின்யான் முனை. ஃபினிஸ்தேர்ரேதான் மேற்கு எல்லை என்று பெயர் வாங்கியிருந்தாலும், ஸ்பெயின் பெருநிலத்தின் மேற்குக் கடைசி உண்மையில் தூரின்யான்தான்.

அதைத் தாண்டிய சிறிது நேரத்தில், “அக்கா, அங்க பாருங்க!” என்று ஒரு குரல். இருநூறு மீட்டர் தள்ளி ஒரு கருந்துடுப்பு எழுந்து மறைந்தது. பிறகு மூன்று. என் கணவர் எந்திரத்தை முடுக்கிப் படகைக் கரைப் பக்கம் திருப்பினார். நிற்காமல் ஆழம் குறைந்த இடத்துக்கு நகர வேண்டும் என்பதுதான் அதிகாரிகள் தரும் அறிவுரை. நண்பர் வரைபடத் திரையைப் பார்த்து ஆழத்தைச் சத்தமாகப் படித்தார். எழுபது, அறுபது, ஐம்பத்தைந்து. யாரும் வேறு எதுவும் பேசவில்லை. துடுப்புகள் எங்களைப் பிடித்துவிட்டன.

டால்பின்கள். சுமார் இருபது இருக்கும். படகின் மூக்குக்கு முன்னால் கால் மணி நேரம் துள்ளிவிட்டுப் போயின. நண்பரின் மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிற்பகலில் ஃபினிஸ்தேர்ரே முனையைச் சுற்றினோம். மேலே 1853இல் கட்டிய கலங்கரை விளக்கம். அருகில் பூச்சியம் கிலோமீட்டர் என்று எழுதிய யாத்திரைக் கல். நடந்து வந்த யாத்ரீகர்கள் பாறையில் உட்கார்ந்திருந்தது கீழிருந்தே தெரிந்தது. நண்பர் கைப்பேசியை எடுக்கவே இல்லை. சுக்கானைக் கேட்டு வாங்கி, முனை பின்னால் மறையும்வரை அவரே பிடித்து வந்தார்.

சிப்பித் தெப்பங்கள்

அன்று மாலை முரோஸ். வளைவுத் தாழ்வாரங்கள் கொண்ட பழைய மீனவ ஊர். வேகவைத்த ஆக்டோபஸைக் கத்தரியால் நறுக்கி, மரத்தட்டில் வைத்து, ஆலிவ் எண்ணெயும் மிளகாய்த் தூளும் கல் உப்பும் தூவிக் கொடுத்தார்கள். காரம் போதவில்லை என்று எங்கள் சம்பல் போத்தல் கைப்பையிலிருந்து வெளியே வந்தது.

நான்காம் நாள் அரௌசா ரியா. நீரின் மேல் வரிசை வரிசையாக மரத் தெப்பங்கள். இவற்றை ‘பதேயா’ என்கிறார்கள். நம் ஊரில் கூப்பாங் என்று வாங்கும் சிப்பியின் உறவான கருஞ்சிப்பி இவற்றில்தான் வளர்கிறது. யூகலிப்டஸ் கட்டைகளால் ஆன ஒரு தெப்பத்திலிருந்து 500 கயிறுகள் வரை தொங்கும். ஒவ்வொன்றும் 12 மீட்டர் வரை நீளம். கலீசியா முழுவதும் 3,300க்கும் மேல் தெப்பங்கள். அவற்றில் 2,000க்கும் மேல் இந்த ஒரு ரியாவில். உணவு போடுவதில்லை. ஆழத்திலிருந்து வரும் சத்தான நீரே தீனி. எங்களை ஒரு நாள் நிறுத்தி வைத்த அதே குளிர்ந்த நீர்தான். நச்சுப் பாசி பெருகினால் மட்டும் அறுவடையை வாரக்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். தெப்பக்காரர்களுக்கும் காத்திருப்பு புதிதில்லை.

கமரீஞாஸில் போன ஒரு நாளுக்காகக் கொம்பார்ரோ என்ற ஊரை விட்டுவிட நேர்ந்தது. கருங்கல் தூண்கள்மேல் நிற்கும் தானியக் களஞ்சியங்கள் கடலோரமாக வரிசையாக நிற்கும் ஊர் அது. நண்பருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். எனக்கும்.

ஐந்தாம் நாள் சியெஸ் தீவுகள். 2002இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவின் பகுதி. இரண்டு தீவுகளை இணைக்கும் வெண்மணல் ரோடாஸ் கடற்கரையைப் பார்த்தால் நம் ரெடாங் தீவு நினைவு வரும். நீரில் கால் வைத்தால் மறந்துவிடும். ஜூலையிலும் அவ்வளவு குளிர்!

படகு இல்லாதவர்களும் இங்கே போகலாம். கோடையில் வீகோவிலிருந்து பயணப் படகு உண்டு. நாளொன்றுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு இருப்பதால், டிக்கெட்டுக்கு முன் இணையத்தில் அனுமதி எடுக்க வேண்டும். சொந்தப் படகில் போனாலும் நங்கூரமிட அனுமதி தேவை. தீவில் குப்பைத் தொட்டி கிடையாது. கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். எந்த மாதமானாலும் காற்றைத் தாங்கும் மேலங்கி அவசியம்.

ஆறாம் நாள் மாலை வீகோ நிலையத்தில் அவர்களைச் சந்தியாகோ ரயிலில் ஏற்றிவிட்டோம். ஏறுவதற்கு முன் நண்பர் என் கணவரிடம், “அடுத்த தடவை பத்து நாள் லீவு போடறேன் மச்சான். ரெண்டு நாள் பனிக்கு” என்றார். அவர் மனைவி அதற்குள் உள்ளே போய் ஜன்னல் ஓரம் பிடித்துவிட்டார்.