நான் எழுதிய எண்

அந்த நாட் விமானத்தின் பின்னுடலில் இருக்கும் எண் அதனுடையது அல்ல. அதை எழுதியவன் நான். அளவெடுத்து, ஸ்டென்சில் வெட்டி, கறுப்பு பெயின்ட் அடித்து, தள்ளி நின்று பார்த்துத் திருப்திப்பட்டவனும் நான்தான். அந்த எண்ணை நம்பிப் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொண்டு போன ஒருவரிடமும் இதைச் சொல்லவில்லை.

தாம்பரத்தில் பயிற்சி பெற்று, ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக விமானப்படையில் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, ஒரு காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த பழைய நாட் ஒன்றைத் திறப்பு விழாவுக்குத் தயார்செய்யச் சொல்லி அழைத்தார்கள். நாட் மிகச் சிறிய போர் விமானம். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை அளந்தால் 7 மீட்டர்கூட வராது. பிரிட்டனில் வடிவமைத்து, பெங்களூரில் எச்.ஏ.எல். உருவாக்கித் தந்தது. 1971 நவம்பர் 22-இல் போய்ரா வானில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களை வீழ்த்தியவை நாட் விமானங்கள்தாம். அடுத்த மாதம் 14-ஆம் தேதி ஸ்ரீநகரைக் காக்கத் தனியாகப் போராடி உயிர்விட்ட நிர்மல்ஜித் சிங் சேகோன் ஓட்டியதும் நாட்தான். பரம் வீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை வீரர் அவர். எனக்கு இந்த விமானத்தின்மேல் இருந்த பற்று பொய்யல்ல. அந்தப் பற்றோடுதான் அதைக் கெடுத்தேன்.

என்னிடம் வந்தபோது அது மங்கிப்போயிருந்தது. வெள்ளிப் பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியில் பச்சை தெரிந்தது. ஸ்ப்ரே கன்னால் அடித்த பச்சை அல்ல, பிரஷ்ஷால் அவசரமாக இழுத்த பச்சை. பிரஷ்ஷின் மயிர்த்தடம்கூடத் தெரிந்தது. போர்க்காலத்தில் விமானங்களை மறைக்க இரவோடிரவாக இப்படி அடிப்பார்கள் என்று மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பூச்சு எந்த ஆண்டினது, எத்தனை அடுக்கு, எந்த அடுக்குக்குமேல் எது என்று ஒரு பக்கத்திலாவது பார்த்துக் குறித்திருக்கலாம். அதைச் செய்யாமல் பெயின்ட் ரிமூவரை ஊற்றி, வயர் பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டு, வெறும் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்தேன்.

இந்த வேலை தெரிந்தவர்களுக்கு நான் செய்தது என்னவென்று புரியும். விமானத் தகடு செம்பு கலந்த அலுமினியக் கலவை. அந்தக் கலவை எளிதில் அரித்துப்போகும் என்பதால் இரு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய தோலாக ஏற்றியிருப்பார்கள். வயர் பிரஷ் போட்டால் அந்தத் தோல் போய்விடும். போன இடத்தில் அரிப்பு உள்ளே இறங்கும். பயிற்சியில் முதலில் கற்ற பாடங்களில் ஒன்று இது. பறக்கிற விமானமாக இருந்தால் என் கை அப்படிச் செய்திருக்காது. இனி பறக்கப்போவதில்லையே என்ற நினைப்பு வந்ததும் கற்றதெல்லாம் கழன்றுகொண்டது.

பின்னுடலில் ஓரிடத்தில் ஒட்டுத் தகடு ஒன்று இருந்தது. சுற்றிலும் இருந்த ரிவெட்டுகளிலிருந்து அதன் ரிவெட்டுகள் வேறாக இருந்தன. குண்டுச் சிதறல் பட்ட இடமா, தரையில் ஏணி இடித்த இடமா, இனி யாராலும் சொல்ல முடியாது. பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறதென்று அதன்மேல் பட்டி பார்த்துச் சமப்படுத்திவிட்டேன். ஒரு பானலைக் கழற்றியபோது உட்புறத்தில் பென்சிலில் ஒரு தேதியும் இரண்டு எழுத்துகளும் இருந்தன. அலுமினியத்தில் பென்சிலால் எழுதக்கூடாது, கிராஃபைட் பட்ட இடம் அரிக்கும். அதனால் தின்னர் போட்டுத் துடைத்தேன். விதிப்படி அது சரி. ஆனால் அந்தப் பானலுக்குள் கைவிட்டு வேலை செய்த ஒருவன் விட்டுப்போன ஒரே தடயம் அது. துடைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்திருக்கலாம், ஒரு தாளில் எழுதி வைத்திருக்கலாம். அந்தத் தேதி இப்போது எனக்கே நினைவில் இல்லை.

எண்ணைப் பற்றிச் சொல்கிறேன். விமானத்தின் சொந்த எண்ணை வைத்து விசாரித்துப் பார்த்தேன். எந்தப் போரிலும் அதன் பெயர் அகப்படவில்லை. பயிற்சிக்குப் போயிருக்கலாம், பெரும்பாலும் ஹேங்கரிலேயே கிடந்திருக்கலாம். விழாவுக்கு வருகிறவர்கள் 1971 பற்றிக் கேட்பார்களே என்று கவலையாக இருந்தது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "போர்ல இருந்த ஒரு மெஷினோட நம்பரையே போட்டுடலாம் சார், யாருக்குத் தெரியப்போகுது?" என்று நானே சொன்னேன். காட்சியக அதிகாரி ஒரு நொடி யோசித்துத் தலையசைத்தார். அவர் என் அனுபவத்தை நம்பினார்.

இன்னொரு விமானத்தின் எண்ணைப் போடுவதே குற்றமென்று நான் சொல்லவில்லை. 2018-இல் நம் விமானப்படைக்கு வந்த டகோட்டாவில் விபி 905 என்ற எண் இருக்கிறது. 1947 அக்டோபர் 27-ஆம் தேதி சீக்கியப் படைப்பிரிவினரை ஸ்ரீநகருக்குக் கொண்டுபோன டகோட்டாவின் எண் அது. அதன் நினைவாகத்தான் இந்த எண் என்பதை வெளிப்படையாகச் சொன்னார்கள். அது மரியாதை. என் நாட் விமானத்துக்கு முன்னால் இருக்கும் பலகையில் அப்படி ஒரு வரி இல்லை. பலகைக்கு வாசகம் எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

ஒருநாள் ஒரு பெரியவர் பேரனோடு வந்தார். ஆர்மமென்ட் ஃபிட்டராக இருந்தவர். அந்த எண்ணைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அந்த எண்ணுக்குரிய விமானத்தில் குண்டு நிரப்பியவர்களில் அவரும் ஒருவராம். பீரங்கிப் பகுதியின் மூடியருகே தாங்கள் போட்ட ஒரு ரிப்பேரைத் தேடி, தடவித் தடவிப் பார்த்தார். "இங்கதான் தம்பி இருக்கணும். காணோமே?" என்றார். "புதுசா பெயின்ட் அடிச்சதுல மறைஞ்சுபோச்சு சார்," என்றேன். அவர் அதை நம்பினார். பேரனை அழைத்து, "தாத்தா வேலை பார்த்த விமானம்டா" என்று காட்டினார். நான் வாசல்வரை கூடவே நடந்து வழியனுப்பினேன். உண்மையைச் சொல்ல அவ்வளவு தூரமும் நேரமும் இருந்தது. இன்றுவரை என்னை உறுத்துவது பட்டியோ வயர் பிரஷ்ஷோ அல்ல, அந்த நடைதான். அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

பின்னாளில் லண்டனில் மகள் வீட்டுக்குப் போனபோது ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே ஒரு ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் இருக்கிறது. 1942 ஏப்ரலில் டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தாக்க நார்வேக்குப் போய், அடிபட்டு, உறைந்த ஏரிமேல் இறங்கி, பிறகு பனிக்கட்டி விலகி மூழ்கியது. 1973-இல்தான் ஏரியிலிருந்து எடுத்தார்கள். கிழிந்த தகடும் நசுங்கிய உடலுமாக, கிடைத்த கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள். அதைப் புதிதாக்க ஆளும் பணமும் இல்லாத நாடா அது? நான் அதன்முன் வெகுநேரம் நின்றேன். என்ன அடிபட்டது, எங்கே மடங்கியது என்று தொழில் தெரிந்த கண் ஒவ்வொன்றாக வாசிக்க முடிந்தது. என் நாட் விமானத்தில் வாசிக்க நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அதன்பிறகு தேடித்தேடிப் படித்தேன். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 'ஃப்ளாக் பெய்ட்' என்ற மராடர் விமானம் இருக்கிறது. 200-க்கும் மேற்பட்ட தாக்குதல்களுக்குப் போய் வந்தது, உடலெங்கும் ஒட்டுத் தகடுகள். அந்தப் பழைய பூச்சையும் ஒட்டுகளையும் அப்படியே காப்பாற்றுவதற்கே ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். இங்கிலாந்துக் கடலடியிலிருந்து 2013-இல் தூக்கிய ஜெர்மன் டோர்னியர் 17-ஐத் தேய்க்காமல், உப்பை வெளியேற்ற நீர்த்த சிட்ரிக் அமிலக் கரைசலை மாதக்கணக்கில் தெளித்தார்கள். நான் சில வாரங்களில் முடித்துக் கைதட்டு வாங்கினேன்.

இதையும் சொல்லியாக வேண்டும். எகிப்துப் பாலைவனத்தில் 1942-இல் இறங்கி 2012-இல் அகப்பட்ட கிட்டிஹாக் விமானத்தை, பின்பு எல் அலமைனில் புதுப் பெயின்ட் பூசி வைத்தார்கள். படங்கள் வெளிவந்ததும் விமானத்தை நேசிப்பவர்கள் கொதித்தார்கள். எங்கள் முன்னாள் வீரர்கள் கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தபோது, எல்லாரையும்விடச் சத்தமாகத் திட்டியவன் நான். "வரலாறு தெரியாதவங்க கையில கொடுத்தா இப்படித்தான்" என்றேன். வரலாறு தெரிந்த கையே அதே வேலையைச் செய்திருந்தது.

கடைசியாக ஒன்று. காக்பிட்டில் இருந்த தயாரிப்புத் தகட்டில் விமானத்தின் சரியான எண் இருந்தது. பொய் வெளியே வந்துவிடும் என்று அதைக் கழற்றினேன். பத்திரமாக இருக்கட்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீட்டு டிரங்குப் பெட்டியில் போட்டேன். அது திருட்டு. இந்த வாரம் அந்தத் தகட்டையும் ஒரு கடிதத்தையும் காட்சியகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பலகையை மாற்றும்படி கேட்டிருக்கிறேன். ஒட்டுத் தகடு எங்கே பட்டிக்கடியில் இருக்கிறது என்று படம் வரைந்து வைத்திருக்கிறேன். இடது இறக்கையின் அடிப்பகுதியில் நான் தேய்க்காமல் விட்ட ஓர் இடத்தில், மேல் பூச்சுக்கு அடியில் அந்தப் பச்சை இன்னும் இருக்கலாம். அங்கே ரிமூவர் போட வேண்டாமென்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன்.

மழைக்காலம் வருவதற்குள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உடலின் அடிப்பக்கம் தண்ணீர் வடிவதற்கான சிறு துளைகளையும் நான் பட்டி வைத்து அடைத்துவிட்டேன். வெட்டவெளியில் நிற்கும் விமானத்தில் உள்ளே தேங்கும் தண்ணீர் சட்டங்களை அரித்துவிடும். காட்சியகத்தாருக்குச் சொல்கிறேன்: முதலில் அவற்றைத் திறந்துவிடுங்கள். மரக்குச்சியால் குத்தினால் போதும், டிரில் வேண்டாம். எங்கே என்று காட்டக் கூப்பிட்டால் நான் வருகிறேன்.