மடிப்புக்குள் இருந்த கறுப்பு

முறிகண்டியில் பஸ்ஸால் இறங்கி, நண்பனின் மோட்டார் சைக்கிளில் அக்கராயனுக்குப் போனேன். போக வைத்தது ஒரு பழைய பை. நண்பனின் மருமகன் கனடாவில் விமானத்திலிருந்து பரசூட்டோடு குதிக்கிறவன். பாவித்துக் கழித்த தன் பரசூட் பையை, துணி உறுதியானது, ஆருக்காவது உதவும் என்று உடுப்புகளோடு கப்பல் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தான். அது சந்திக்குக் கிட்ட இருக்கிற ஒரு தையற்காரரிடம் வந்து சேர்ந்துவிட்டது.

ஓட்டோக் கூடாரம், சீற் கவர், பள்ளிக்கூடப் பை, நெல் காயவிடுகிற படங்கு எல்லாம் தைக்கிறவர். அறுபதைத் தாண்டியிருப்பார். நாங்கள் போனபோது அந்தப் பையைப் பிரித்து மேசையில் பரப்பி வைத்திருந்தார். கறுப்பு என்று வாங்கிய பை, முதுகுப்பக்கம் செம்மண் பட்டதுபோல் பழுப்பாகிக் கிடந்தது. அவர் ஒரு தையலை பிளேட்டால் அறுத்து மடிப்பை விரித்தார். உள்ளே இரண்டு விரல் அகலத்துக்கு, கடையில் வாங்கிய அன்று இருந்த அதே கறுப்பு.

"பழசானதால வெளிறேல்லைத் தம்பி. மடிப்புக்கும் அதே வயசுதானே" என்றார்.

மேலே போகப் போக வெயில் கடுமை, அதனால்தான் வெளிறியது என்று மருமகன் சொல்லியிருக்கிறான். அது பொய்யில்லை. ஆயிரம் மீற்றர் ஏறினால் புறஊதாக் கதிர் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துக் கூடும். அவர்கள் குதிப்பது 4000 மீற்றர் அளவிலிருந்து. ஆனால் தையற்காரர் கேட்டது வேறு. "மேல எவ்வளவு நேரம் நிப்பான்?" ஒரு நிமிடம் அளவு விழுவான், பிறகு ஐந்தாறு நிமிடம் மிதப்பான் என்றான் நண்பன். "மிச்ச நேரம் பை எங்க கிடக்கும்?" புல்லில், வெயிலில். அவர் தலையாட்டினார்.

நைலோன் துணியின் கறுப்பு பெரும்பாலும் ஒரே சாயமில்லை. இரண்டு மூன்று நிறங்களைக் கலந்து கறுப்பாகக் காட்டுகிறார்கள். புறஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்து சாயத்தின் மூலக்கூறுகளை உடைக்கும்போது எல்லா நிறமும் ஒரே வேகத்தில் அழியாது. நீலம் முந்திப் போனால் சிவப்பும் பழுப்பும் மேலே தெரியும். இதை நான் வாசித்து அறிந்திருந்தேன். அவரோ மூன்று மாதத்தில் பழுப்பாகித் திரும்பி வந்த பள்ளிக்கூடப் பைகளைப் பார்த்து அறிந்தவர்.

அந்தப் பைகளைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவருக்குக் குரல் உயர்ந்தது. "கலர் போகாது" என்று சத்தியம் பண்ணித் துணியை விற்கிறவனை ஒரு தாயும் தேடிப் போவதில்லை. தைத்தவர்தான் பேச்சுக் கேட்கிறார். நூல் இழுக்கும்போதே நிறத்தைக் கலந்த துணியும் உண்டு, நெய்தபிறகு சாயம் காய்ச்சிய துணியும் உண்டு. வித்தியாசத்தைத் துணிக்கட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? எழுதினால் மலிவுத் துணிக்கு நல்ல துணியின் விலை கேட்க முடியாது. லாபம் வியாபாரிக்கு, பழி மெஷின் மிதிக்கிறவருக்கு. இந்த அநியாயத்தை நான் எத்தனையோ தொழிலில் கண்டுவிட்டேன். இன்னும் பொறுக்க முடியவில்லை.

அவருடைய மெஷினின் தலைப்பாகம் இரண்டு வருடம் மண்ணுக்குள் இருந்தது. 2008இல் போரால் இடம்பெயரும்போது அதைக் கழற்றிக் கிறீஸ் பூசி, தறப்பாளில் சுற்றிக் கிணற்றடிக்குக் கிட்டப் புதைத்துவிட்டுப் போனார். தர்மபுரம், புதுக்குடியிருப்பு, பிறகு செட்டிக்குளத்து முகாம். 2010இல் திரும்பி வந்து தோண்டினார். ஊசித்தண்டு இறுகியிருந்தது, மண்ணெண்ணெய் விட்டு மூன்று நாள் காத்திருந்தார். தறப்பாளோ புத்தம்புதிதாக இருந்தது. அதிலேயே வெட்டி, கொட்டிலுக்கு மேல் போட்ட மற்றத் துண்டு வெயிலில் உதிர்ந்துபோய்விட்டது.

உதிர்ந்த துண்டொன்றை எடுத்துக் காட்டினார். மேலிருந்த வெள்ளைப் பூச்சு செதிள் செதிளாகக் கழன்றிருந்தது. உள்ளே நெய்திருந்த இழைகள் மட்டும் அட்டக் கறுப்பு. அகதிகளுக்குக் கொடுக்கிற தறப்பாளின் நடு இழை, புகைக்கரி கலந்த பொலித்தீன். அந்தக் கரி வெயிலைத் தானே வாங்கி வெப்பமாக்கிவிடும், இழைக்கு விடாது. தோட்டத்துக்குத் தண்ணீர் இழுக்கிற கறுப்பு பொலித்தீன் குழாயிலும் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் இருப்பது அதே கரிதான். குளத்துத் தண்ணீரை நம்பி விதைக்கிற ஊரில் அந்தக் குழாயைத் தெரியாதவர் இல்லை.

"பூசின கறுப்பு வேற, ஊறின கறுப்பு வேற" என்றார் அவர்.

பிறகு தைக்கும் முறையை விளக்கினார். பாதி எனக்கு விளங்கவில்லை. வெயிலில் நிற்கிற எதற்கும் நைலோன் நூல் போடமாட்டார், பொலியெஸ்ரர் நூல்தான் என்பது மட்டும் மனதில் நின்றது.

நாங்கள் வெளிக்கிடுகிற நேரம் ஒருவர் வந்து, பரசூட் பையின் தோள்பட்டிகளைக் கேட்டார். கிணறு சேறு அள்ள இறங்க இடுப்பில் கட்டவாம். தையற்காரர் பட்டியை வெளிச்சத்தில் பிடித்து, வெளிறிய இடத்தை நகத்தால் சுரண்டினார். மெல்லிய பஞ்சு எழும்பியது.

"நிறத்தோட பலமும் எவ்வளவு போச்செண்டு எனக்குத் தெரியாது. ஆளை இறக்கிறதுக்குத் தரமாட்டன். கண்டுக்குட்டி கட்ட வேணுமெண்டா கொண்டு போ."

அந்த மனிதர் சற்று நேரம் நின்று யோசித்துவிட்டு, கயிறு வாங்கச் சந்திப்பக்கம் நடந்தார்.