குடிக்கூலி

வாடகை என்று இந்நாளில் யாவரும் வழங்கும் பொருளுக்குக் குடிக்கூலி என்றொரு பழைய சொல் உண்டு. எம் பாட்டியார் தம் கணக்குப் புத்தகத்தின் முகப்பில் அச்சொல்லையே எழுதி வைத்துள்ளார். தாம்பரத்தில் மூன்று சிறு வீடுகளைக் குடிக்கூலிக்கு விட்டு, அவ்வருவாய் கொண்டே தம் மைந்தர் இருவரையும் படிப்பித்தவர் அவர். சென்ற கோடை விடுமுறையில் அப்புத்தகத்தை முதலினின்று இறுதிவரை படிக்கும்படி எமக்கு நேர்ந்தது.

எம் சிறிய தந்தையார் இத்தொழிலைப் பெருக்க விரும்பினார். பாட்டியாரின் மூன்று வீடுகளையும் ஈடு வைத்து, நூற்றுக்கு ஒன்பது வட்டியில் 50 இலட்சம் ரூபாய் கடன் பெற்று, பழைய மாமல்லபுரம் சாலையில் அடுக்குமாடி வீடொன்று வாங்கலாம் என்றார். 2000-ஆம் ஆண்டில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின்னர் அச்சாலை வளர்ந்த வளர்ச்சியையும், அங்கே இடப்பட்டு வரும் மெட்ரோ ரயில் பாதையையும் எடுத்துரைத்தார். யாமும் அவர் பக்கமே நின்றோம். பாட்டியார் மறுத்துரையாது, புத்தகத்தை எம் கையிற் கொடுத்து, “ஐயா, நீ படித்த பிள்ளை, கணக்குப் பார்த்துச் சொல்” என்றார்.

கணக்கு எளிதாகவே இருந்தது. அவ்வீட்டுக்குக் கிடைக்கக் கூடிய வாடகை மாதம் 15,000 ரூபாய், ஆண்டுக்கு 1,80,000. விலையோடு ஒப்பிடின் அது நூற்றுக்கு 3.6 விழுக்காடேயாகும். ஆண்டில் ஒரு மாதம் வீடு வெறுமையாயிருத்தல், சொத்து வரி, பராமரிப்புக் கட்டணம், பழுது ஆகியவற்றைக் கழித்தால் இன்னும் குறையும். கடனுக்கோ முதலாண்டு வட்டி மட்டுமே ஏறத்தாழ நாலரை இலட்சம். வீட்டின் விலை ஏறும் என்னும் நம்பிக்கை ஒன்றே அவ்வேறுபாட்டை நிரப்ப வேண்டும். அதுவரை எம் குடும்பத்தின் உணவுக்கலம் அந்நம்பிக்கைக்கு ஈடாக நிற்கும்.

பாட்டியார் வளர்ந்த முறை வேறு. முதல் வீட்டின் கூலியைச் சேர்த்து இரண்டாவதையும், இரண்டின் கூலியைச் சேர்த்து மூன்றாவதையும் கட்டினார். எட்டெட்டு ஆண்டுகள் இடையிற் சென்றன. அன்றியும், அவர் தாம்பரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1931 முதல் மின்சார ரயில் ஓடும் ஊர் அது. விமானப்படை நிலையமும், கல்லூரிகளும், மருத்துவமனைகளும், 1984-இல் தொடங்கிய ஏற்றுமதி மண்டலமும் அங்கே உள்ளன. ஒரு வாயில் அடைபடினும் மற்றொரு வாயில் வழியே குடித்தனக்காரர் வருவர். பழைய மாமல்லபுரம் சாலையிலோ பெரும்பாலும் கணிப்பொறித் தொழில் ஒன்றனையே நம்பியிருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது அத்தொழிலாளர் வீட்டிலிருந்தே பணி செய்யலாயினர்; பலர் தத்தம் சொந்த ஊர்க்கு மீண்டனர்; வாடகை வீடுகள் பல பூட்டிக் கிடந்தன. அதற்கு முந்திய 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றியபோது, அப்பகுதியார் தண்ணீர் லாரியை எதிர்நோக்கி நின்றதையும் மறத்தற்கில்லை.

இவ்வளவில் எம் கணக்கு முடிந்தது என்றிருந்தோம். அப்போது புத்தகத்தில் ‘முடிச்சூர்’ என்று தலைப்பிட்ட ஒரு பக்கம் கண்டோம். விலை மலிவு என்று, பாட்டியார் சொல்லைக் கேளாமல், எம் தந்தையாரும் சிறிய தந்தையாரும் அங்கே தாழ்ந்த நிலத்தில் வாங்கிய வீட்டின் கணக்கு அது. “மாரிக்காலத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள்” என்று அவர் கூறியிருந்தார். அவர்கள் வாங்கியதோ சித்திரை மாதத்தில். 2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு பெருகி முடிச்சூரில் வெள்ளம் புகுந்தது. யாம் அப்போது ஒன்பது வயதுச் சிறுவர். அவ்வீட்டிற் குடியிருந்த தையற்காரர், பொறியைத் தலைமேற் சுமந்து மார்பளவு நீரில் வந்ததை இன்றும் காண்கின்றோம். பாட்டியார் அப்பக்கத்தில் எழுதியவை மூன்றே வரிகள்: முன்பணம் முழுதும் திருப்பியது, பொறி பழுது பார்த்த செலவு, “தவறு நம்முடையது.”

திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தில் ‘துச்சில்’ என்னும் சொல்லைப் பயின்றபோது, ஒதுங்கியிருக்கும் இடம் என்று பொருள் எழுதிக்கொண்டோமேயன்றி, அங்கே ஒதுங்கியிருப்பவரை நினைத்திலோம். மணலின்மேல் வீடு கட்டிய மனிதனைப் பற்றிய உவமையையும் ஞாயிறு பள்ளியிற் பன்முறை கேட்டுள்ளோம். அம்மனிதன் தன் வீட்டைத் தானே இழந்தான். வாடகைக்கு விடுவோன் மணலிற் கட்டினாலோ, முதலில் நனைவது பிறர் உடைமை. ஆகலின் நல்ல ஊரைத் தேர்தல் என்பது இலாபம் காணும் வழி மட்டுமன்று. தன் பிழையின் விலையைப் பிறர் தலைமேல் வையாதிருக்கும் வழியுமாம். நீர், வழி, வேலை ஆகிய மூன்றும் குடியிருப்பவர்க்கு வாய்த்த இடத்திலேயே கூலியும் தவறாது வரும் என்பது அப்புத்தகத்தில் யாம் கற்ற பாடம்.

யாம் கணக்கைப் படித்துக் காட்டியபோது சிறிய தந்தையார் சினந்தார். பாட்டியார் ஒன்றே சொன்னார்: “தம்பி, வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐப்பசியில் ஒருநாள் போய் நின்று பார்த்துவிட்டு வா.” கடன் விண்ணப்பம் அன்று எழுதப்படவில்லை.

ஐப்பசியும் வந்தது. கனமழை பெய்த ஒரு காலை, சிறிய தந்தையார் குடையை எடுத்துக்கொண்டு தனியே புறப்பட்டார் என்று அன்னையார் எமக்குத் தெரிவித்தார். மாலையில் முழங்கால்வரை நனைந்து திரும்பியவர், ஒன்றும் பேசாமல், தாம்பரத்து இரண்டாம் வீட்டிற் குடியிருக்கும் அத்தையற்காரரிடம் சென்று, கூரை எங்கேனும் ஒழுகுகின்றதா என்று கேட்டாராம்.