அமானிதக் கோல்

செங்கோல், எழுதுகோல், துலாக்கோல், ஊன்றுகோல் எனத் தமிழில் கோல்கள் பல. இவற்றுள் எதிலும் சேராத கோல் ஒன்றுடன் என் வாழ்வு பிணைந்துள்ளது. அது பில்லியர்ட்ஸ் ஆடும் கோல், ‘கியூ’ என்பர். தமிழாசிரியன் ஒருவன் பழைய கியூக்களைத் தேடிச் சேர்க்கிறான் என்றால் நண்பர்கள் நகைக்கின்றனர். அவர்கள் அறியாத காரணத்தை இம்மலரில் சொல்லிவிடுவது நலமெனக் கருதுகிறேன்.

போடிநாயக்கனூரிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைக் கடந்தால் ஏலமும் தேயிலையும் சூழ்ந்த உயர்மலை. அங்குத் தோட்டத் துரைமார் மாலைப் பொழுதுக்கென மன்றங்கள் அமைத்திருந்தனர். அவற்றுள் ஒன்றில் என் அத்தா ‘மார்க்கர்’. ஆட்டத்தின் எண்ணிக்கையைக் கூறுதல், மேசையின் பச்சைத் துணியைத் துலக்குதல், கோல்களைப் பேணுதல் ஆகியவை மார்க்கரின் பணிகள். ‘சூதாட்ட மேசையருகே நிற்கும் பிழைப்பு’ என உறவினர் முகம் சுளித்ததுண்டு. அத்தாவோ ஒரு காசும் பந்தயம் வைத்தவரல்லர். ஐவேளைத் தொழுகையை விட்டவருமல்லர்.

இவ்விளையாட்டு நம் நாட்டுக்கு முற்றும் அயலானதன்று. ஸ்னூக்கர் ஆட்டம் 1875இல் ஜபல்பூர்ப் படைமுகாமில் தோன்றி, நீலகிரியின் உதகை மன்றத்தில் விதிகள் பெற்று நிலைத்தது. 1958இல் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்று நாட்டுக்குப் பெருமை தேடியவர் வில்சன் ஜோன்ஸ்.

ஆயினும் என்னை ஈர்த்தது ஆட்டமன்று, கோலின் தொழில்நுட்பமே. முன்பகுதி ‘ஆஷ்’ என்னும் வெளிர்மரம், கைப்பிடி கருங்காலி. ஆஷ் மரத்தின் அடியை நாற்புறமும் சாய்வாக இழைத்து, கருங்காலிப் பட்டைகளை ஒட்டி, மீண்டும் உருட்சியாக இழைப்பர். அப்போது கருமை நான்கு சுடர்களாக வெண்மையில் ஏறி நிற்கும். இயந்திரம் இணைத்த கோலில் அச்சுடர்கள் கூர்மையாக, ஒன்றுபோல் இருக்கும். கைவினைஞர் இணைத்ததில் அவை வளைந்து மென்மையாக முடியும்.

மலையின் ஈரக்காற்று மரத்தை வளைத்துவிடும். ஆதலால் அத்தா கோல்களைச் சுவரில் சாய்த்து வைக்க ஒப்பார்; நேராகத் தொங்கவிடுவார். மேசைமீது உருட்டி, துள்ளாமல் ஓடுகிறதா எனப் பார்ப்பார்.

1970களில் தாயகம் திரும்பிய துரை ஒருவர், தம் சொந்தக் கோலை அத்தாவிடம் ஒப்படைத்து, “ஆள் அனுப்புகிறேன்” என்று கூறிச் சென்றார். ஆள் வரவில்லை. அக்கோல் துணி சுற்றப்பட்டு எங்கள் வீட்டில் தொங்கியது. சிறுவனாகிய நான் அதைத் தொட்டபோதெல்லாம் அத்தா சொல்வார்: “நம்ம பொருள் இல்லப்பா, அமானிதம்.”

2009இல் அத்தா வஃபாத்தானார். அவர் நினைவாக அக்கோலைப் பொலிவுறச் செய்ய விரும்பித் தச்சரிடம் கொடுத்தேன். கருங்காலிக்கு மேலே வெளிர்மரத்தில் மங்கிய பென்சில் கீறல்கள் இருந்தன. அழுக்கென எண்ணி, நன்றாகத் தேய்த்துவிடச் சொன்னதும் நானே. பளபளக்கும் கோலைக் கண்ட அம்மா திடுக்கிட்டார்: “அதுலதானேப்பா அந்தத் துரை பேரையும் ஊரையும் அத்தா எழுதி வச்சிருந்தாக!”

அத்தா எழுதியது அரபுத்தமிழில். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் வளர்த்த எழுத்து அது. எனக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழில் ஆய்வியல் நிறைஞர் பட்டமும் உண்டு. உற்று நோக்கியிருந்தால் எழுத்துக்கூட்டியாவது படித்திருப்பேன். நோக்கவில்லை. முப்பதாண்டுகளுக்கு மேல் அத்தா காத்த அமானிதத்தின் உரியவரை நான் அரைமணி நேரத்தில் தொலைத்தேன்.

அதன்பின்னரே பழங்கோல்களைத் தேடத் தொடங்கினேன். உதகை, கொடைக்கானல், மதுரைப் பழம்பொருள் கடைகளில் ஆறு கோல்கள் கிடைத்தன. சிலவற்றில் ஆட்டவீரர் பெயர் பொறித்த தகடு உண்டு. மரத்தை இழைத்தவர் பெயர் எதிலும் இல்லை. அமெரிக்காவில் ஜார்ஜ் பாலபுஷ்கா (1912–1975) என்னும் தச்சர் செய்த கோல்களை அவர் பெயருக்காகவே மக்கள் பெருவிலை தந்து வாங்குகின்றனர். அத்தகைய பேறு எல்லாக் கைகளுக்கும் வாய்ப்பதில்லை. எனவே, என்னிடம் வரும் கோலில் ஒரு கீறலையும் நான் துடைப்பதில்லை; கண்டவற்றையெல்லாம் ஏட்டில் குறித்து வைக்கிறேன்.

ஆறு கோல்கள் என்னுடையவை. ஏழாவது இன்றும் என்னுடையதன்று, தனியே தொங்குகிறது.

மாணவச் செல்வங்களே! உங்கள் இல்லத்துப் பரணிலும் பெட்டியிலும் பாட்டனார் கைபட்ட ஏடுகள், கணக்குகள், கடிதங்கள் இருக்கலாம். தூசி தட்டுமுன் ஒருமுறை படித்துப் பாருங்கள். படிக்க இயலாவிடின், படிக்கத் தெரிந்த பெரியவர் உயிரோடிருக்கும்போதே கேளுங்கள். அழுக்கென நாம் எண்ணுவது ஒருவருடைய பெயராக இருக்கக்கூடும்.