முதலில் பாய்கிறவன்

அமெரிக்கன் ஃபுட்பாலை முதல்முறை பார்க்கிற நம்ம ஊர்க்காரர் யாருக்கும் அது ஒரு கைகலப்பு மாதிரிதான் தெரியும். ஹெல்மெட் போட்ட பதினோரு பேர், எதிரே ஹெல்மெட் போட்ட பதினோரு பேர். பந்து நகர்ந்த ஐந்தாறு வினாடியில் பாதிப் பேர் தரையில் கிடக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அமெரிக்க டீமோடு திங்கட்கிழமை கால் என்றால் முதல் பத்து நிமிடம் ஞாயிற்றுக்கிழமை மேட்ச் பேச்சுதான் ஓடும். அந்தப் பேச்சாவது புரியட்டும் என்று யூடியூபில் பார்க்க ஆரம்பித்தவன், 'பிளிட்ஸ்' என்ற ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

விஷயம் எளிமையானது. பந்தை எறிகிறவர் குவார்ட்டர்பேக். அவரைக் காப்பாற்ற முன்னால் ஐந்து பேர் சுவர் மாதிரி நிற்பார்கள். தடுக்கும் அணி வழக்கமாக நான்கு பேரை அவர் மேல் ஏவும். மிச்சம் ஏழு பேர் பின்னால் நின்று, பந்து எங்கே வரும் என்று காவல் காப்பார்கள். அந்தக் காவல்காரர்களில் ஒருவரையோ இருவரையோ திடீரென்று எடுத்து முன்னால் ஏவினால் அதுதான் பிளிட்ஸ். குவார்ட்டர்பேக் யோசிக்கிற நேரத்தைத் திருடுகிற வேலை. அவருக்கு இருப்பதே மூன்று வினாடிக்குள்தான்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. முன்னால் போனவன் நின்ற இடம் பின்னால் காலியாகிவிடும். கெட்டிக்கார குவார்ட்டர்பேக் அந்தக் காலி இடத்தைத்தான் பார்ப்பார். 1985 சீசனில் சிகாகோ பேர்ஸ் அணி, பட்டி ரையன் என்ற பயிற்சியாளரின் '46' தடுப்பு முறையை வைத்துக்கொண்டு எல்லாரையும் நசுக்கியது. இறுதியில் சூப்பர் பவுலை 46-10 என்று வென்றது. அந்த சீசன் முழுக்க அவர்கள் தோற்றது ஒரே ஒரு மேட்ச், மியாமியிடம். மியாமியின் டான் மரினோ, பந்தைக் கையிலிருந்து விடுவதில் அசுர வேகக்காரர். கூட்டமாக வந்து அமுக்குவதற்குள் பந்து போய்விட்டிருந்தது.

அதே எண்பதுகளில் சின்சினாட்டி அணியில் டிக் லெபோ என்ற பயிற்சியாளர் வேறு மாதிரி யோசித்தார். பின்னால் நிற்கிற ஒருவனை முன்னால் ஏவும்போது, முன்னால் நிற்கிற தடியன் ஒருவனைப் பின்வாங்கி காவலுக்குப் போகச் சொன்னார். ஏவுகிற ஆளின் எண்ணிக்கை கூடவில்லை. ஆனால் யார் வருவான், யார் வரமாட்டான் என்பது எதிரிக்குத் தெரியாது. பாய்கிறவன் நிம்மதியாகப் பாயலாம், ஏனென்றால் அவன் இடத்தில் இன்னொருத்தன் நிற்கிறான். இதற்கு ஸோன் பிளிட்ஸ் என்று பெயர்.

பொங்கல் லீவில் ஆலங்குடிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பாவிடம் லேப்டாப்பில் இதைப் போட்டுக் காட்டினேன். பகலில் டிராக்டர் ஓட்டுவார். சாயங்காலம் கண்மாய்க்கரை ஓரத்துச் செம்மண் மைதானத்தில் ஊர்ப் பையன்களுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பார். இருபது நிமிடம் பேசாமல் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "இதுல என்னப்பா புதுசு? இது நம்ம கார்னர் வேலைதானே. ஒருத்தன் போறான்னா ஒருத்தன் நிக்கணும்."

அவர் சொன்னதில் மிகை இல்லை. கபடியில் ஒரு பக்கம் ஏழு பேர். பாடி வருகிற ரைடருக்கு முப்பது வினாடி. அவருடைய காலில் முதலில் பாய்கிறவர் பெரும்பாலும் மூலையில் நிற்கிற கார்னர். கணுக்காலைப் பிடித்து ஒரு நொடி நிறுத்தினால் போதும். நடுக்கோட்டுக்குப் போகிற வழியை அடைக்க வேண்டியது கவர் நிற்கிறவருடைய வேலை. கார்னர் பிடித்து, கவர் வராமல் போனால், ரைடர் இழுத்துக்கொண்டே போய் நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார்.

நம்ம ஆட்டத்தில் விலை இன்னும் கடுமை. பிடிக்கப் போய் ரைடர் தப்பிவிட்டால், அவர்மேல் கை வைத்த அத்தனை பேரும் அவுட். நாலு பேர் விழுந்து பிடித்து அவர் நழுவிவிட்டால் நாலு பாயிண்ட். அதனால் 'எல்லாரும் போடா' என்பது கபடியில் தைரியம் கிடையாது, சூதாட்டம். எங்கள் மாவட்டம் ஜல்லிக்கட்டுக்குப் பேர்போனது. அங்கே ஒரு மாட்டை ஒருத்தர்தான் அணைய வேண்டும். கபடியில் தலைகீழ். தனியாக அணைந்தவன் அநேகமாகத் தோற்பான்.

இதைச் சொல்லிக்கொடுப்பதில் எங்கே சிக்கல் என்று சித்தப்பாவின் மைதானத்தில்தான் பார்த்தேன். லெஃப்ட் கார்னர் ஆடுகிற பையன் ஒருத்தன், பன்னிரண்டாவது படிக்கிறான். மார்கழிக் கடைசியில் பக்கத்து ஊர் மேட்ச். ராத்திரி, ஃபோகஸ் லைட், மைக்கில் வர்ணனை. மூன்று முறை பாய்ந்தான், மூன்றும் தப்பியது. மூன்று முறையும் மைக்கில் அவன் பெயர். அணி இரண்டு பாயிண்டில் தோற்றது. அன்றிலிருந்து பையன் பாய்வதே இல்லை. மூலையில் நிற்பான், ரைடர் வந்தால் ஒரு அடி பின்னால் போவான்.

"அவனுக்குப் பயம் காலு உடையும்னு இல்லப்பா," என்றார் சித்தப்பா. "பேரு கெடும்னு."

அவன் வீட்டுக்கு இது வெறும் விளையாட்டும் இல்லை. தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. மாவட்ட அணி, மாநில அணி, சர்டிஃபிகேட், வேலை என்று ஒரு மெல்லிய நூல் அந்த மூலையிலிருந்து வீடு வரைக்கும் போகிறது. தேர்வுக்கு வருகிறவர்கள் கண்ணில் படுவது பாயிண்ட் எடுக்கிற ரைடர். கார்னர் கண்ணில் படுவது அவன் கோட்டைவிடும்போதுதான். 2018-இல் ப்ரோ கபடி ஏலத்தில் ஈரானின் ஃபசல் அத்ராச்சலி என்ற லெஃப்ட் கார்னர் 1 கோடிக்குப் போனார், பெரிய செய்தி. அந்த ஏலத்திலும் உச்ச விலை 1.51 கோடி, மோனு கோயத் என்ற ரைடருக்குத்தான். இருந்தாலும் சித்தப்பா பையன்களிடம் சொல்வது பக்கத்து மாவட்டத்துக் கதையை. தஞ்சாவூர்க்காரர் தர்மராஜ் சேரலாதன், பிடிக்கிற ஆளாகவே ஆடி, 2016-இல் பாட்னா அணிக்குக் கேப்டனாகக் கோப்பை வாங்கியவர்.

ஆனால் கதை சொல்லி யாரையும் பாயவைக்க முடியாது. சித்தப்பா இரண்டு காரியம் செய்தார்.

முதலாவது, முடிவை அவன் தலையிலிருந்து இறக்கினார். செயினாகக் கை கோத்து நிற்கும்போது, உள்ளே நிற்கிற பையன் அவன் கையை ஒரு அழுத்து அழுத்துவான். அழுத்தினால் போகணும், இல்லையென்றால் நிக்கணும். அதே நேரத்தில் கவர் ஒரு எட்டு நடுக்கோட்டுப் பக்கம் ஏறிவிட வேண்டும். இதையே வெறுங்கையாக, ரைடரே இல்லாமல், ஒரு வாரம் நடக்கவிட்டார்.

இரண்டாவது ஒரு சட்டம். பிடி தப்பினால் பாய்ந்தவனிடம் யாரும் எதுவும் கேட்கக்கூடாது. "பக்கத்துல நின்னவன்ட்ட கேளு, நீ எங்க இருந்தேன்னு. பாஞ்சவன் அவன் வேலையச் செஞ்சுட்டான்ல."

எங்கள் மென்பொருள் உலகத்தில் இதற்கு ஒரு நாகரிகமான பெயர் உண்டு, 'பிளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்'. சர்வர் படுத்துவிட்டால் யார் என்று கேட்காமல் எப்படி என்று கேட்க வேண்டும். ஸ்லைடு எல்லாம் அழகாக இருக்கும். ஆனால் முன்பு நான் இருந்த ஒரு கம்பெனியில், நடுராத்திரி ஏதாவது விழுந்தால் கால் தொடங்கி முதல் கேள்வியே "கடைசியா கோட் போட்டது யாரு?" என்பதுதான். ஆறே மாதத்தில் அங்கே யாரும் சிக்கலான பகுதியைத் தொடுவதை நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் மூலையில் நின்று ஒரு அடி பின்னால் போகக் கற்றுக்கொண்டார்கள். படித்த நாங்கள் பெயர் வைத்துவிட்டுச் செய்யாத ஒன்றை, ஒரு டிராக்டர் டிரைவர் பெயர் வைக்காமல் செய்துகொண்டிருக்கிறார்.

பெரிய மேடையிலும் இதே பாடம்தான். 1990-இல் கபடி ஆசிய விளையாட்டுக்குள் வந்ததிலிருந்து 2014 வரை ஆண்கள் தங்கம் ஏழு முறையும் இந்தியாவுக்கே. 2018 ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரான் நம்மை 27-18 என்று வீழ்த்தியது. நட்சத்திர ரைடர்கள் நம்மிடம் இருந்தார்கள். இருந்தும் பதினெட்டைத் தாண்ட முடியவில்லை. அந்தத் தடுப்பைப் பார்த்தால், பாய்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு பாய்வது தெரியும். கண்ணை மூட முடிவது வீரத்தால் அல்ல, அடுத்தவன் வருவான் என்று தெரிவதால். பிளிட்ஸோ, ஆங்கிள் ஹோல்டோ, பயிற்சியாளர் வரைகிற படத்தில் அம்புக்குறி எல்லாம் பாய்கிறவனுக்குத்தான் போட்டிருக்கும். உண்மையில் சொல்லிக்கொடுக்கவேண்டியது நிற்கிறவனுக்கு.

மாசித் திருவிழா மேட்ச் வீடியோவைச் சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கடைசி ஐந்து நிமிடம், எதிரணிக்கு டூ ஆர் டை ரைடு. பாயிண்ட் எடுக்காவிட்டால் ரைடர் அவுட். கை அழுந்தியிருக்க வேண்டும், பையன் பாய்ந்தான். கணுக்கால் கிடைத்தது. கவர் அரை எட்டு தாமதம். ரைடர் அவனையும் உதறிவிட்டு நடுக்கோட்டைத் தொட்டார். இரண்டு பாயிண்ட் போச்சு. மைக்கில் என்னவோ சொல்கிறார்கள், கூட்டச் சத்தத்தில் கேட்கவில்லை. வெளியே போகிறபோது கவர் ஆடிய பையன் மட்டும் சித்தப்பாவைப் பார்த்துக் கையைத் தூக்குகிறான். உதட்டசைவில் படிக்க முடிந்தது: "என்மேலதாண்ணே."

கார்னர் பையன் வேட்டி மடிப்பிலிருந்து விழுந்த காசு மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டெல்லாம் போகவில்லை. நிமிர்ந்துதான் போனான். உயிர் கிடைத்து மறுபடி உள்ளே வந்ததும், அடுத்த ரைடுக்கு மறுபடி பாய்ந்தான்.